மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்: தத்துப்பிள்ளைக்குக் காத்திருந்த ஒரு தம்பதி

அமெரிக்காவின் கிழக்குக் கரை மாநிலம் ஒன்றில் வாழும் தமிழ்த் தம்பதி, இந்தியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்த கதை இது. 2023 ஆகஸ்ட் முதல் குடும்ப ஆலோசகராக அவர்களுடன் இருந்திருக்கிறேன். எழுதுவதற்கு இருவரும் சம்மதித்தார்கள். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

இருவருக்கும் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2007-ல் திருமணம். ஆறு ஆண்டுகள் சிகிச்சை, மூன்று முறை ஐவிஎஃப், இரண்டு கருச்சிதைவு. சிகிச்சையோடு சிகிச்சையாக வேண்டுதல்களும் நடந்தன. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்யை 48 நாள் வீதம் இரண்டு முறை மனைவி சாப்பிட்டிருக்கிறார். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி. ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று மாமியார் ஒவ்வோர் ஐப்பசியிலும் தொலைபேசியில் சொல்வாராம்.

தத்தெடுக்கலாம் என்று 2022 தொடக்கத்தில் முடிவெடுத்தார்கள். கணவர் அமெரிக்கக் குடிமகன், மனைவி இந்தியப் பாஸ்போர்ட்காரர். இந்தியாவும் அமெரிக்காவும் 1993 ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கைக்குள் இருக்கும் நாடுகள் என்பதால் வழி ஒன்றுதான்: அங்கீகாரம் பெற்ற முகமை வீட்டுக்கு வந்து ஹோம் ஸ்டடி அறிக்கை தயாரிக்க வேண்டும், இவர்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று பார்க்கும் ஐ-800ஏ விண்ணப்பத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறை ஏற்க வேண்டும், அதன் பிறகே தில்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையப் பதிவில் பெயர் ஏறும். 2023 ஜனவரியில் இவர்கள் பெயர் ஏறியது. அப்போது கணவருக்கு 47, மனைவிக்கு 45.

இந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகைதான் முதல் அடி. 2022 செப்டம்பரில் வந்த ஒழுங்குமுறைகளின்படி, தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 90 வரை என்றால் நான்கு வயதுக்குள். 100 வரை என்றால் நான்கிலிருந்து எட்டு வயது. இவர்களுக்கு 92. கைக்குழந்தை என்ற நினைப்பை அன்றைக்கே இறக்கி வைக்க வேண்டியிருந்தது. தொட்டிலுக்கு என்று ஒதுக்கிய மூலையில் மனைவி ஒரு செடியைக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்ததை, ஏதோ வேடிக்கை போல என்னிடம் சொன்னார்கள்.

முதல் ரெஃபரல்: 2023 ஆடி

ஜூலை கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாலரை வயதுப் பையனின் விவரங்கள் வந்தன. இப்படி ஒரு பிள்ளையின் விவரங்களை அனுப்பிக் கேட்பதைத்தான் ரெஃபரல் என்கிறார்கள். இதயத்தில் ஓட்டை இருந்து அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளை. ஒதுக்கிக்கொள்கிறோம் என்று சொல்ல 96 மணி நேரம் உண்டு.

மருத்துவ அறிக்கையைக் குழந்தை இதயநோய் மருத்துவர் ஒருவருக்குக் கணவர் அனுப்பினார். மனைவி புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரில் மாமியாருக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, ஆடியில் பிள்ளை விஷயத்தைத் தொடங்கலாமா. இரண்டு, பையனுக்கு என்ன நட்சத்திரம். இரண்டாவதற்குப் பதிலே கிடையாது. கைவிடப்பட்ட பிள்ளைகள் பலருக்கு, மருத்துவர் பல்லையும் எலும்பையும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லும் தேதிதான் பிறந்த தேதியாகப் பதிவாகிறது. அந்தத் தேதிக்கு ஜாதகம் எழுதினால் அது அந்த மருத்துவரின் கைராசிக்கு எழுதியதாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஊரில் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலம், சாமி முன்னால் போட்டு, கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. மாமியார் மனதில் கேட்டுக்கொண்டது ‘ஆடியிலேயே ஆரம்பிக்கலாமா’ என்று. மகனும் மருமகளும் புரிந்துகொண்டது ‘இந்தப் பிள்ளை வேண்டாம்’ என்று. அன்று மாலையே இதயநோய் மருத்துவரிடமிருந்து பதில் வந்தது: பயப்பட ஒன்றுமில்லை, ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை போதும். செவ்வாய் முழுவதும் இருவரும் அவரவர் அலுவலகத்திலிருந்து ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ‘நீ சொல்லு.’ ‘நீங்க சொல்லுங்க.’ நேரம் கடந்துவிட்டது.

என்னிடம் வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

நான் கண்டது

முதல் சந்திப்பில் மனைவி பேசியது முழுக்க அந்தப் பையனைப் பற்றித்தான். “வேண்டாம்னுகூட நாங்க சொல்லலை அக்கா, சும்மா இருந்துட்டோம்” என்றார். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்காகத் தனியாக ஒரு விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார். கணவர் அதிகம் பேசவில்லை. ஹோம் ஸ்டடிக்கான காகிதங்கள் முழுவதையும் வண்ணம் பிரித்து அடுக்கிய கோப்பு ஒன்றை மட்டும் என் முன் விரித்து வைத்தார்.

இரண்டு மூன்று சந்திப்புகளில் எனக்கு ஒன்று தெளிவானது. தாமதம் ஒவ்வொன்றையும் இவர்கள் சாமியின் பதிலாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கைரேகைக்கு மறுபடி வரச்சொன்னால் அது தடை. முகமையில் பொறுப்பாளர் மாறினால் அது சகுனம். ஐ-800ஏ அனுமதிக்குப் பதினைந்து மாதம்தான் ஆயுள், நீட்டிப்பு கேட்க வேண்டும் என்று தெரிந்த நாளில், “கைரேகைக்குக்கூடக் காலாவதி உண்டா?” என்று மனைவி சிரித்தார், அப்புறம் அழுதார். சிகிச்சைக் காலத்தில் உடம்பு தந்த பதில்களுக்குப் பழகிய மனம், இப்போது அலுவலகத் தபால்களை அதே மாதிரி படித்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்தக் காத்திருப்புக்கு ஊரில் சடங்கு எதுவும் இல்லை. கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று கணக்கு உண்டு, வளைகாப்பு உண்டு, ‘என்ன சாப்பிடத் தோணுது’ என்று கேட்க ஆள் உண்டு. இவருக்கு? நண்பர்கள் வீட்டு வளைகாப்பில், ‘அடுத்தது உனக்குத்தான்’ என்று கர்ப்பிணியின் கை வளையலைக் கழற்றி இவர் கையில் போடுவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். அப்படிச் சேர்ந்த வளையல்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. தீபாவளிக்குத் தீபாவளி, வரப்போகும் பிள்ளைக்கு என்று ஒரு பட்டுப்பாவாடையும் வாங்கி வைத்தார். பையனாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கு ஒரு வேட்டி செட்டும் இருக்கிறது என்றார்.

வெளிநாட்டில் இருப்பவர்களைக் கடைசியில் பார்க்கிறார்கள் என்ற கோபமும் இருந்தது. இதை நான் மழுப்பவில்லை. ஹேக் உடன்படிக்கையின் அடிப்படையே, பிள்ளைக்கு முதலில் அதன் சொந்த நாட்டில் குடும்பம் தேட வேண்டும் என்பதுதான். 2024-25 நிதியாண்டில் காரா வழியே நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டில் நடந்தவை. மீதி 360-க்குள்தான் உலகத்தின் எல்லா நாடுகளும். வரிசையில் நிற்பது நாம் என்றாலும், வரிசை போடப்பட்டிருப்பது பிள்ளையின் வசதிக்காக. இதைச் சொன்னபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. கணவர், “சரி, நியாயம்தான். ஆனா வலிக்குது” என்றார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு ஒரே ஒரு தாளைப் பற்றியது. அடுத்த ரெஃபரல் வரும்போது 96 மணி நேரத்தில் புதிதாக யோசிக்கக் கூடாது, யோசிப்பதை இப்போதே முடித்துவிட வேண்டும். குழந்தை மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து, உதட்டுப்பிளவு, ஒரு காதில் கேளாமை, இதய அறுவை சிகிச்சை, ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி, வளர்ச்சித் தாமதம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே முடியும், முடியாது, கேட்க வேண்டும் என எழுதினார்கள். ‘முடியாது’ என்று எழுதக் கை கூசியது இருவருக்கும். எழுதவைத்தேன். பிள்ளை வந்த பிறகு முடியவில்லை என்று தெரிவது அதைவிடக் கொடுமை.

அப்போது கணவர் கேட்டார்: “அப்ப சாமிகிட்ட கேக்கவே கூடாதா?”

நம்பிக்கையைக் கழற்றிவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, அது உதவவும் உதவாது. பதினைந்து வருடம் அவர்களைத் தாங்கிப் பிடித்தது அதுதான். ஆகவே, கேளுங்கள், ஆனால் தாளை எழுதும்போதே கேளுங்கள் என்றேன். ஒரு பிள்ளையின் முகம் வந்த பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிப் பூக்கட்டிப் பார்ப்பது கூடாது. இதற்கு மாமியார் ஒப்ப மாட்டார் என்று மூவருமே நினைத்தோம். தொலைபேசியில் அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “உசுர வச்சு பூப்போட்டுப் பாத்தது தப்புதான். எனக்கே அன்னிலேருந்து தூக்கம் இல்ல” என்றார். அந்த அம்மாவைத் தடையாகவே நினைத்திருந்தது என் தவறு.

இரண்டாவது முடிவு பெயர் பற்றியது. ஐவிஎஃப் காலத்திலேயே இவர்கள் ஒரு பெயரை நினைத்து வைத்திருந்தார்கள். நாலைந்து வயதுப் பிள்ளைக்குத் தன்னுடையது என்று இருப்பதே ஒரு பெயரும் ஒன்றிரண்டு பாட்டும்தான். அந்தப் பெயரை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். மனைவிக்கு இது எளிதாக இருக்கவில்லை. தான் நினைத்து வைத்திருந்த பெயரைச் சொல்லித்தான் இத்தனை வருடம் மனதுக்குள் கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டாவது ரெஃபரல்: 2024 தை

பிப்ரவரி முதல் வாரம் வந்தது. மகாராஷ்டிரத்தின் உள்மாவட்டம் ஒன்றில், ஒரு சிறப்புத் தத்தெடுப்பு இல்லத்தில் இருந்த பெண் குழந்தை. வயது ஐந்து வருடம் நான்கு மாதம், எடை பதின்மூன்றரை கிலோ. உதட்டுப்பிளவு சரிசெய்யப்பட்டிருந்தது. பதினான்கு மாதக் குழந்தையாக அங்கே வந்தவள். அறிக்கையின் கடைசி வரிகளில், ‘தூங்கும்போது துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள்’ என்று எழுதியிருந்தார்கள்.

தாள் மேசையில் இருந்தது. இருபது மணி நேரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். தை மாதம் என்பதை நல்ல அறிகுறியாகவும் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை, எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேச வேண்டியதில்லை.

முகம் தெரிந்த பிறகான காத்திருப்பு வேறு வகை. இந்தப் பிள்ளைக்கான ஐ-800 மனு, தில்லித் தூதரகத்தின் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, அதற்குப் பின் மாவட்ட ஆட்சியரின் உத்தரவு. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உத்தரவு போடுவது நீதிமன்றம் அல்ல, ஆட்சியர். மொத்தம் பத்து மாதம். முன்பு ‘எப்போது கிடைக்கும்’ என்று ஏங்கிய மனைவி, இப்போது ‘இன்று சாப்பிட்டாளா’ என்று ஏங்கினார். முதல் ஏக்கத்துக்கு விரதம் இருந்தது. இரண்டாவதற்கு ஒன்றும் வேலை செய்யவில்லை. அந்தக் கோடையில் இவர் பாதி நாள் தூங்கவே இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் ஏக்கத்துக்கு ஏதாவது வேலை கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இல்லத்தின் அனுமதியோடு புகைப்பட ஆல்பம் ஒன்று தயாரித்து அனுப்பினார்கள்: அப்பா, அம்மா, பாட்டி, வீட்டு வாசல், அவள் கட்டில், அந்தச் செடி. வீடியோ அழைப்பில் சில நிமிடங்கள் பார்த்தார்கள். மராத்தியில் இருபது வாக்கியம் கற்றுக்கொண்டார்கள். ‘பூக் லாக்லி கா?’ பசிக்கிறதா. ‘குடே துக்தய்?’ எங்கே வலிக்கிறது.

நவம்பர்: வேண்டுதல் பட்டியல்

பயணத்துக்கு முன் அவர்கள் போட்ட திட்டத்தைப் பார்த்துத் திகைத்தேன். இல்லத்திலிருந்து பிள்ளையை வாங்கி, நேரே திருச்சிக்கு விமானம், திருக்கருகாவூரில் துலாபாரம், குலதெய்வத்துக்கு மொட்டை, காதுகுத்து, சொந்தக்காரர்களுக்கு விருந்து. ஒன்பது நாளில் ஆறு ஊர். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில், மொழி தெரியாதவர்கள் சூழ்ந்து, தலைமுடியை மழித்தால் ஆறு வயதுப் பெண் அதை என்னவென்று புரிந்துகொள்வாள்?

தள்ளிவைக்கலாம் என்றேன். முதல் முறையாகக் கணவர் குரலை உயர்த்தினார். வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் விமானம் ஏறினால் சாமி குத்தம் ஆகாதா என்று.

வழி சொன்னவர் மாமியார். நேர்ந்துகொண்டதை உடனே செலுத்த முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார்கள், பிறகு வருகிறேன் என்பதற்கு அடையாளமாக. நூற்றுக்கணக்கான வீடுகளில் நடப்பதுதான், எனக்குத் தோன்றவில்லை. மகன் வீட்டுக்கும் சேர்த்துத் தன் பூஜையறையில் அவரே முடிந்து வைத்தார்.

அதே அழைப்பில் மருமகள் நெடுநாளாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டார். நெய் சாப்பிட்டது தன் வயிற்றில் பிள்ளை தங்க வேண்டும் என்று. தங்கவில்லை. இப்போது இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தச் சன்னதியில் நிறுத்தினால் அது பொய்யாகாதா? மாமியார் சொன்னது: “இவ யாரோ ஒரு பொண்ணு வயித்துல பத்து மாசம் இருந்தவதானே. அப்ப அவளக் காத்தது யாரு? அதே அம்பாதான்.”

மருமகள் அதன் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பவில்லை.

டிசம்பர் 2024 முதல் நடந்தது

பிள்ளையை ஒப்படைத்த நாளில் அவள் அழவே இல்லை. புது ஃபிராக் போட்டு, தலை வாரி, ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ‘சமத்தா வந்துட்டா’ என்று கணவர் செய்தி அனுப்பினார். அந்த அமைதியை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பதில் எழுதினேன். விசாவுக்காகத் தில்லியில் தங்கிய மூன்றாம் நாள் இரவு அழுகை தொடங்கியது. ‘மாவ்ஷி, மாவ்ஷி’ என்று விடியும்வரை. இல்லத்து ஆயாக்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். சித்தி என்று பொருள்.

இத்தனை வருட ஏக்கம் தீர்ந்த இரவில் தன் மகள் வேறொருத்திக்காக அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக மனைவி சொன்னார். இவர்கள் அவளுக்காகப் பிரார்த்தித்த காலத்தில் அவள் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்குக் காத்திருப்பே அந்தக் காரில் ஏறிய பிறகுதான் ஆரம்பித்தது. நல்லவேளையாக, இல்லத்தில் கேட்டு மாவ்ஷியின் பழைய புடவை ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். துவைக்காமல் வைத்திருக்கச் சொன்னேன், வாசனைக்காக.

விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனையைத் தாண்டிய அந்த நிமிடமே சட்டப்படி அவள் அமெரிக்கக் குடிமகள் ஆனாள். வீட்டில் முதல் ஆறு வாரம் விருந்தினர் கிடையாது, கோயிலும் கிடையாது, பொங்கல்கூட மூன்று பேரோடு. தலையணைக்கு அடியில் சப்பாத்தித் துண்டுகள் கிடந்தன. கண்டிக்காமல், அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா நிறையத் தின்பண்டம் வைத்தார்கள். அந்த டப்பா முன்பு வளையல் இருந்த பிஸ்கட் டப்பா. வளையல்களை அவள் போட்டு விளையாடித் தீர்த்துவிட்டாள். மார்ச்சுக்குள் தலையணைக்கு அடியில் ஒன்றுமில்லை.

பட்டுப்பாவாடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு என்று வாங்கியவை இடுப்பில் நிற்கவில்லை. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் வயதுக்குச் சிறுத்திருப்பது வழக்கம். மூன்று தீபாவளிக்கு முன் நான்கு வயதுக்கு என்று வாங்கி, இனி பயன்படாது என்று அடியில் தள்ளிய பாவாடை கச்சிதமாகப் பொருந்தியது.

2025 ஜூலையில் ஊருக்குப் போனார்கள். மொட்டை என்றால் என்னவென்று அவளிடம் படம் காட்டி விளக்கினார்கள். வேண்டாம் என்றாள். பூமுடி கொடுத்தார்கள், கத்திரிக்கோலால் மூன்று கற்றை. மஞ்சள் முடிச்சை அவிழ்க்கப் பாட்டிக்கு நேரமானது, அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தார். காசை அவளே உண்டியலில் போட்டாள்.

தத்தெடுப்புக்குப் பிந்தைய அறிக்கைகள் முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று. நான்கு முடிந்தன, இரண்டு பாக்கி. முதல் பையனைப் பற்றி இவர்களுக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு இன்னும் எரிகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மாமியாரை முதல் மாதமே பேச்சில் சேர்த்திருக்க வேண்டும். மூன்று மாதம் அவரைப் பற்றிப் பேசினோமே தவிர அவரோடு பேசவில்லை.

கணவரின் ஏக்கத்தை அடுக்கி வைத்த கோப்புக்குள் தேடாமல் விட்டேன். அவருக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால், அவரை அடுத்த வீட்டில் கொடுத்து, ஒரு படித் தவிடு அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவது உண்டு. இந்த வீட்டில் அதைச் சீண்டலாகச் சொல்லவே கூடாது என்று சொல்லும்போதுதான் அவர் இதைச் சொன்னார், அதுவும் 2025 பிப்ரவரியில். தானும் வாங்கப்பட்ட பிள்ளை என்று மகளிடம் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

பெரிய பிழை மொழியில். இருபது வாக்கியம் போதும், பிள்ளை சீக்கிரம் ஆங்கிலமும் தமிழும் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னவள் நான். பிடித்துக்கொண்டாள். ஆனால் எட்டாவது மாதம் இல்லத்துக்கு வீடியோவில் பேசியபோது, மாவ்ஷி கேட்டதெல்லாம் அவளுக்குப் பாதிதான் புரிந்தது, பதில் ஆங்கிலத்தில் வந்தது. திரையில் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆல்பம் அனுப்பிய அந்தப் பத்து மாதத்திலேயே பக்கத்தில் ஒரு மராத்திக் குடும்பத்தைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில்தான் ஒருவர் கிடைத்தார். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அவர்கள் வீட்டில் விளையாடிவிட்டு வருகிறாள். முதல் வாரம் திரும்பி வரும்போது காரிலேயே மாவ்ஷிக்குப் போன் போடச் சொல்லி அடம்பிடித்தாளாம். அங்கே ராத்திரி ஆகிவிட்டது என்று சொல்லி அம்மா அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.